நூறு நாளின் நீளம்

அன்புள்ள பூவரசிக்கு,

என் பெயர் குருநாதன். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. உங்களுக்கு ஏழு வயதாக இருந்தபோது உங்கள் அம்மா ஜெயக்கொடி நூறு நாள் ஒப்பந்தத்தில் ஒரு வேலைக்குப் போனார். அங்கே அவருக்கு அணித்தலைவனாக இருந்தவன் நான். பக்கத்து நாற்காலி.

உங்களை அப்பாவிடம் ஒப்படைத்த தீர்ப்பு, பிறகு மேல்முறையீட்டில் வந்த தீர்ப்பு, இரண்டின் நகலும் உங்களிடம் இருக்கும் என்று உங்கள் அம்மாவின் வக்கீல் சொன்னார். இரண்டாவதில் ஒரு வரி வருகிறது: நூறு நாள் வேலையை முடித்து வெளியே வந்து நான்கு நாட்கள் கையில் இருந்தும் தாய் நீதிமன்றத்துக்கு வரவில்லை என்று. அந்த வரியைப் படித்துத்தான் வளர்ந்திருப்பீர்கள். அது தப்பு. எப்படித் தப்பானது என்று முதலிலிருந்து எழுதுகிறேன். நடுவில் என்னைப் பற்றியும் வரும். அதை விட்டுவிட்டு எழுத முடியவில்லை.

அந்த இடத்தை நாங்கள் கூடம் என்று சொல்வோம். வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் காற்றாலைகள். உள்ளே ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. கடல் தாண்டி எங்கெங்கோ இருக்கும் துறைமுகங்களில் நிற்கிற கிரேன்களை நாங்கள் இங்கே உட்கார்ந்தபடி இயக்குவோம். கப்பலிலிருந்து பெட்டியைத் தூக்கித் தரையில் வைக்க வேண்டும், தரையிலிருந்து தூக்கிக் கப்பலில் வைக்க வேண்டும். திரையில் கிரேனும் பெட்டியும் பச்சைக் கோடுகளாகத் தெரியும். அங்கே வெயிலா மழையா, பகலா இரவா, எதுவும் தெரியாது. துறைமுகப் பாதுகாப்பு என்று காரணம் சொல்லி, சேர்ந்தால் நூறு நாளும் உள்ளேயே தங்க வேண்டும் என்பது விதி. போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கைக்கடிகாரத்தையும்தான்.

முதல் நாள் எங்கள் அணி பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து மேலாளர் ஹரிகோவிந்த் விளக்கினார். சின்ன வயதுக்காரர். யாரிடமும் குரலை உயர்த்தாதவர்.

"மனுஷன் வேலை செஞ்சு களைக்கிறதில்லைங்க. மணியைப் பார்த்துத்தான் களைக்கிறான். நாலே முக்காலுக்கு நிமிர்ந்து பார்த்தா, உடம்பு தானா 'போதும்டா சாமி'ங்குது. அந்த நாலே முக்கால் கொஞ்சம் நிதானமா வந்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகலை. சோதிச்சுப் பார்த்தாச்சு. யாருக்கும் வித்தியாசமே தெரியலை."

"அப்ப உள்ள கடிகாரம் மெதுவா ஓடுமா சார்?" என்று லூர்து கேட்டான். எங்கள் அணியில் அவன் வாய் மட்டும் தனியாக வேலை பார்க்கும்.

"ரொம்பக் கொஞ்சம். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம். இதுக்கு 'கூட நேரம்'னு பேரு. விளக்கு, சாப்பாடு, தூக்கம் எல்லாம் அதுப்படிதான்."

"அப்ப பசியும் இருபது நிமிஷம் லேட்டாத்தான் எடுக்கணும். சரி, சொல்லி வைக்கிறேன் சார்," என்று லூர்து வயிற்றைத் தட்டினான். எல்லாரும் சிரித்தோம். ஒப்பந்தத்தில், நாள் என்றால் கூட நேரப்படி அளக்கப்படும் நாள் என்று ஒரு வரி இருந்தது. அது எத்தனை நிமிடம் என்று எழுதியிருக்கவில்லை. நான் அதற்கு முன்பே இரண்டு ஒப்பந்தம் முடித்தவன். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மூன்று முறையும் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையைத் தூக்கினார்.

"சார், எனக்குக் கோர்ட்டுல வாய்தா இருக்கு. எம்புள்ள யாருகிட்ட இருக்கணும்னு அன்னைக்குத்தான் சொல்லுவாங்க. ஒழுங்கா ஒரு வேலை பாக்குறேன்னு சர்ட்டிபிகேட் காட்டணும்னு வக்கீல் சொன்னதாலதான் இங்க வந்ததே. இன்னையிலேருந்து எண்ணினா நூத்தி நாலாவது நாளு, காலையில பத்தரைக்கு. அதுக்குள்ள வெளிய விட்டுருவீங்கள்ல?"

ஹரிகோவிந்த் கைக்கணினியில் தட்டிப் பார்த்தார். "நூறு நாளைக்கு ஒண்ணேகால், ஒண்ணரை நாள்தாம்மா கூடும். நூத்தியோராவது நாள் சாயங்காலம் வெளியே இருப்பீங்க. நடுவுல ரெண்டு முழு நாள் மிச்சம். போய்த் தலைக்குக் குளிச்சிட்டுத் தெம்பா போங்க."

"வாய்ல சர்க்கரையப் போடணும் சார்," என்றார் உங்கள் அம்மா. அப்போதுதான் சிரித்தார்.

உங்களைப் பற்றிப் பேசாத நாள் இருந்ததில்லை. ஆறாம் வாய்ப்பாட்டில் ஆறேழு வரும்போது மட்டும் நீங்கள் நின்றுவிடுவீர்களாம். தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்களாம். இதை எனக்கு மூன்று தடவையாவது சொல்லியிருப்பார்.

என் கணினித் திரையின் வலது மூலையில், எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த யாரோ ஒருவர் ஒரு சின்ன கடிகாரத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார். கடிகாரம் என்றே யாருக்கும் தெரியாது. ஆறு வரிசையாகப் புள்ளிகள், செங்குத்தாக நிற்கும். சில எரியும், சில அணைந்திருக்கும். வலது ஓரத்து இரண்டு வரிசை மட்டும் ஓயாமல் மினுங்கிக்கொண்டே இருக்கும். கூடத்தில் எந்தத் திரையிலாவது மணி காட்டும் எண் தெரிந்தால் அதை உடனே அழித்துவிட ஒரு மென்பொருள் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு எண்களைத்தான் பிடிக்கத் தெரியும். புள்ளியை விட்டுவிட்டது.

அறுபத்து இரண்டாம் நாள், பதினொரு மணி டீக்கு எழுந்தபோது உங்கள் அம்மா அதைக் காட்டிக் கேட்டார்.

"என்னண்ணே இது, கல்யாண வீட்டு சீரியல் செட்டு மாதிரி? ரெண்டு மாசமா பாக்குறேன், பொண்ணு மாப்பிள்ளையக் காணோம்."

"கடிகாரம்மா அது."

"இதா? முள்ளு எங்க, நம்பரு எங்க?"

கமுதியில் பதினோராம் வகுப்பில் கம்ப்யூட்டர் பாடம் படித்தது அன்றைக்குத்தான் உதவியது. டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிக் கொடுத்தேன்.

"ஒவ்வொரு வரிசையும் ஒரு எண். கீழ்ப்புள்ளிக்கு ஒண்ணு. அதுக்கு மேல ரெண்டு. அதுக்கு மேல நாலு. உச்சியில எட்டு. எரியிறத மட்டும் கூட்டணும். எல்லாம் அணைஞ்சிருந்தா பூஜ்யம். மொத ரெண்டு வரிசை மணி, நடு ரெண்டும் நிமிசம், கடைசி ரெண்டும் செகண்டு."

"இருங்க, நான் படிக்கிறேன்." திரைக்கு அருகே குனிந்தார். "மொத வரிசையில கீழ்ப்புள்ளி மட்டும். ஒண்ணு. அடுத்ததுல ரெண்டாவது புள்ளி. ரெண்டு. அப்ப மணி பன்னெண்டு. அதுக்கடுத்து மூணாவது புள்ளி, நாலு. அப்புறம் கீழயும் மூணாவதும் எரியுது. ஒண்ணும் நாலும் அஞ்சு. பன்னெண்டு நாப்பத்தஞ்சு!" நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சுவரில் பதினொன்று. "தப்பால்ல காட்டுது?"

"எந்தத் துறைமுகத்து நேரமோ. முன்னாடி இருந்தவரு வச்சுட்டுப் போயிருப்பாரு."

"நல்லாருக்குண்ணே. என் மவளுக்குச் சொல்லிக் குடுக்கணும். ஆறேழுல நிக்கிறவ இதுல எங்கெங்க நிக்கப் போறாளோ."

மறுநாள் அதே பதினொரு மணி டீக்கு எழுந்தபோது எதேச்சையாகப் பார்த்தேன். புள்ளிகள் பதின்மூன்று ஐம்பத்தேழு என்றன. அதற்கடுத்த நாள் பதினைந்து ஒன்பது. வேறு ஊர் நேரமாக இருந்தால் வித்தியாசம் ஒரே அளவில் அல்லவா நிற்க வேண்டும்? இது ஒரு நாளைக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் தள்ளிக்கொண்டே போனது. அறுபத்தைந்தாம் நாளும் அதே ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். முதல் நாளிலிருந்து அப்படித் தள்ளியிருந்தால் அறுபத்து இரண்டாம் நாளில் என்ன காட்டியிருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டேன். மூன்று முழு நாளும், ஒன்றே முக்கால் மணி நேரமும் கூடுதலாக வந்தது. பதினொன்றோடு ஒன்றே முக்காலைக் கூட்டினால் பன்னிரண்டு நாற்பத்தைந்து.

கிரேனின் பதிவேடுகளுக்கு உண்மையான நேரம் வேண்டும். அதனால் கணினியின் உள்ளே இருக்கும் சில்லு சரியான நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அந்தச் சில்லிலிருந்து நேராக எடுத்துக் காட்டும்படி இந்தப் புள்ளிகளை எழுதி வைத்திருக்கிறார். இரும்புக்கு உண்மை நேரம், எங்களுக்குக் கூட நேரம்.

நாளுக்கு ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் என்றால் நூறு நாளுக்கு ஐந்து நாள். உங்கள் அம்மா வெளியே வருவது நூற்றியோராம் நாள் சாயங்காலம் அல்ல. நூற்று ஐந்தாம் நாள் காலை.

அறுபத்தைந்தாம் நாளே எனக்கு இது தெரிந்துவிட்டது. இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்.

நடுவில் வெளியேற வழி இருந்தது. பதினைந்து நாள் முன்னதாக மனு கொடுக்க வேண்டும். காரணத்தை ஒப்புக்கொண்டு அணித்தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் சான்றிதழுக்குக் குறைவில்லை. வாய்தாவுக்கு முன்னால் வெளியே போக வேண்டுமானால் எண்பத்து மூன்றாம் நாளுக்குள் மனு போக வேண்டும். எனக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அந்தப் பதினெட்டு நாளும் நான் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிரேன் கொக்கியை மேலிருந்து தரை வரை இறக்க நாற்பது விநாடி ஆகும் என்று கையேட்டில் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தை வைத்து அளந்தால் முப்பத்தெட்டு. புள்ளிகளை வைத்து அளந்தால் நாற்பது. ஒரு தடவை அளந்ததே போதும். நான் தினமும் பத்துத் தடவை அளந்தேன். ஒரு நோட்டில், எண் எழுதினால் பிடித்துவிடுவார்கள் என்று, புள்ளிகளாகவே வரைந்து வைத்தேன். எரிவதற்கு நிரப்பிய புள்ளி, அணைந்ததற்கு வெறும் வட்டம். பக்கம் பக்கமாக வரைந்தேன். இன்னும் ஒரு நாள் பார்த்துவிடலாம், ஒரு பெரிய கம்பெனிமேல் வாய்ச்சொல்லில் பழி போட முடியாது, இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

சொல்லிக்கொள்ளாத காரணம் ஒன்று இருந்தது. அது எனக்கு மூன்றாவது ஒப்பந்தம். அணியில் ஒருவர்கூட நடுவில் போகாமல் மூன்றாவதை முடித்தால் அணித்தலைவருக்கு வேலை நிரந்தரம். ஒருவர் போனாலும் மறுபடி முதலிலிருந்து.

எண்பதாம் நாள் டீ நேரத்தில் உங்கள் அம்மா கேட்டார். அவர் நாற்காலியிலிருந்து பார்த்தாலே என் திரை தெரியும்.

"அண்ணே, அந்தப் புள்ளி எந்த ஊரு நேரம்னு கண்டுபுடிச்சிட்டீங்களா?"

"இல்லம்மா. உள்ள பேட்டரி வீக்காயிருக்கும். கண்டபடி ஓடுது."

"பேட்டரியா?"

"ஆமாம்மா."

"சரிண்ணே," என்றார். டீயைக் குடித்து முடித்துக் கிளாஸைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

எண்பத்து மூன்றாம் நாள் ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகும் அவர் மட்டும் என் மேஜைப் பக்கத்தில் நின்றார். "வேற எதுவும் இருக்காண்ணே?" என்று கேட்டார். தினமும் கேட்கிற கேள்விதான். மிச்ச வேலை ஏதாவது உண்டா என்று அர்த்தம். "ஒண்ணுமில்லம்மா, நீ கெளம்பு," என்றேன். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து, எண்பத்தாறாம் நாள், சாப்பாட்டுக் கூடத்தில் அவர் எதிரே போய் உட்கார்ந்தேன். இனி சொன்னால் என் அணியிலிருந்து யாரும் வெளியே போக முடியாது என்று ஆன பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அப்போது இப்படித் தோன்றவில்லை. சரிபார்த்து முடித்துவிட்டோம், இனிச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன்.

எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். கொக்கி, நாற்பது விநாடி, ஒரு மணி பன்னிரண்டு நிமிடம். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். நான் முடித்ததும் சொன்னார்:

"எனக்குப் பத்து நாளாத் தெரியும்ணே."

ஒரு கவளம் சாப்பிட்டுவிட்டு அவரே தொடர்ந்தார்.

"நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க, ஒண்ணு ரெண்டு நாலு எட்டுன்னு. தெனமும் டீக்கு எந்திரிக்கறப்ப நானும் பாத்துக்கிட்டுதான இருக்கேன். ஒரே ஊரு நேரம் தெனமும் மாறுமா? நீங்க நோட்டுல புள்ளி வரையிறதும் தெரியும். அண்ணன் கணக்குப் போடுறாரு, முடிச்சுட்டுச் சொல்லுவாருன்னு இருந்தேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமேம்மா?"

"கேட்டேன்ல. பேட்டரின்னீங்க."

பக்கத்து மேஜையில் லூர்து எதற்கோ சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"நீயா மனு குடுத்திருக்கலாம்," என்றேன். இப்படியும் ஒரு மனிதன் கேட்பானா என்று இன்று தோன்றுகிறது.

"என்னன்னு எழுதிக் குடுக்க? வாய்தா இருக்குன்னா, 'அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போயிருவியேம்மா'ம்பாரு. கடியாரம் தப்புன்னா, 'ஒனக்கு யாரு சொன்னா'ம்பாரு. ஒங்க மிஷினக் காட்டிக் குடுக்கணும். ஒங்க வேலை போயிரும். எப்படியும் ஒங்க கையெழுத்து வேணும். நீங்களா சொன்னாத்தான் நடக்கும்ணே. அதான் தெனமும் வந்து நின்னேன், வேற எதுவும் இருக்கான்னு."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "வாங்க, இப்பவாச்சும் போய்க் கேப்போம்," என்றார்.

ஹரிகோவிந்த் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். எதையும் மறுக்கவில்லை.

"இருபது நிமிஷம்கிறது ஆரம்பத்துல இருந்த அளவு. இப்போ எல்லாக் கூடத்துலயும் மாத்தியாச்சு. ஒப்பந்தத்துல அளவு போடலையே சார். நீங்களே மூணு தடவை படிச்சிருக்கீங்க."

"அவங்களுக்குக் கோர்ட்டு சார். புள்ளைய எடுத்துருவாங்க."

"எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு. ஆனா பதினஞ்சு நாள் விதி எங்களோடது இல்ல, துறைமுகத்தோடது. மூணு நாள் முன்னாடி வந்திருந்தீங்கன்னா நானே பண்ணிக் குடுத்திருப்பேன்." பிறகு என்னைப் பார்த்தார். "எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் உங்கள் அம்மா சொன்னார்: "எனக்கு மாசாமாசம் வர்றது முந்தி முந்தி வந்துச்சு சார். அத வச்சுத்தான்." ஹரிகோவிந்த் முகம் சிவந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

வக்கீலுக்கு அன்றே கடிதம் எழுதினோம். நான் சொல்லச் சொல்ல உங்கள் அம்மா எழுதினார். கூடத்திலிருந்து போகும் கடிதங்களில் நாள், தேதி, மணி எது இருந்தாலும் எடுத்துவிட்டுத்தான் அனுப்புவார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். இதற்காவது விடுவார்கள் என்று நினைத்தோம். வக்கீல் அந்தக் கடிதத்தைப் பின்னாளில் என்னிடம் காட்டினார். 'வாய்தாவை', பிறகு வெள்ளையாக ஓர் இடம், 'இலிருந்து', மறுபடி வெள்ளை, 'க்குத் தள்ளிவைக்க மனுச் செய்யவும்.' 'நான் வெளியே வருவது', வெள்ளை. அவ்வளவுதான். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு நாள் முன்னால் அந்த அம்மாவே வந்துவிடுவாரே, வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று மடித்து வைத்துவிட்டார்.

நூற்று ஐந்தாம் நாள் காலை ஏழு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு உங்கள் அம்மா வாசலைத் தாண்டினார். வாய்தா முந்தைய நாள் பத்தரைக்கு. இருபது மணி நேரம் நாற்பத்திரண்டு நிமிடம் பிந்திவிட்டார். நாங்கள் உள்ளே போனபோது மாசி வெயில். வெளியே வந்தபோது காற்றாலை எல்லாம் வேறு திசை பார்த்து நின்றது. அவர் எதையும் பார்க்கவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தார்ச்சாலையை நோக்கி ஓடினார். ஓடி இனி ஆவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு வாசலில் பையைச் சோதித்தார்கள். நோட்டைப் புரட்டிய காவல்காரப் பெண், "புள்ளிக் கோலமா சார்? வீட்ல குடுக்கவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "மார்கழிக்கு ஆகும்," என்று திருப்பிக் கொடுத்தார்.

மேல்முறையீடு போட்டபோது கம்பெனி ஒரு சான்றிதழ் கொடுத்தது. இன்ன தேதியில் சேர்ந்தார், நூறு நாள் பணி முடித்து வெளியேறினார் என்று. வெளியேறிய தேதி போடவில்லை. அதில் பொய் ஒன்றும் இல்லை. நீதிமன்றத்தில் காலண்டரை எடுத்து நூறு நாளை எண்ணினார்கள். வாய்தாவுக்கு நான்கு நாள் முன்பே வெளியே வந்துவிட்டார் என்று வந்தது. உள்ளே நாள் நீளம் என்று உங்கள் அம்மா சொன்னதைக் கேட்டு, குழந்தையை மறந்தது போதாதென்று கதையும் சொல்கிறார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் பேசினாராம்.

நாள் நீளம் என்பதற்கு ஆதாரம் ஒன்றுதான் இருந்தது. என் நோட்டு. வக்கீல் என் வீட்டுக்கே வந்து கேட்டார். சாட்சி சொல்ல வேண்டாம், நோட்டைக் கொடுத்தால் போதும் என்றார். எழுதியதைச் சீராகப் படியெடுத்துத் தருகிறேன், ஒரு வாரம் கொடுங்கள் என்றேன். அந்த வாரத்தில் எனக்கு வேலை நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. அடுத்த முறை அவர் வந்தபோது, அது ஏதோ அலங்காரத்துக்கு வைத்த பொம்மைக் கடிகாரம், அதை வைத்துக் கோர்ட்டில் பேசினால் நிற்காது என்று சொல்லி அனுப்பினேன்.

பதினான்கு வருடம் ஆகிவிட்டது. இன்று கூட நேரம் எங்கேதான் இல்லை? நீட் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளின் விடுதியில் ஒரு நாளைக்கு இருபத்தாறு மணி நேரம் என்று விளம்பரமே செய்கிறார்கள். பெற்றோர் வரிசையில் நின்று சேர்க்கிறார்கள். போன சித்திரையோடு நான் ஓய்வு பெற்றேன்.

போன மாதம் சாத்தூருக்குப் போய் உங்கள் அம்மாவைப் பார்த்தேன். அந்த வாசலுக்குப் பிறகு இதுதான் முதல் தடவை. பார்சல் ஆபீசில் வேலை பார்க்கிறார். மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "வாங்கண்ணே, முடி பூராம் கொட்டிப் போச்சே," என்றார். நேற்றுப் பிரிந்தவரிடம் பேசுவதுபோல.

உங்களுக்கு ஒரு கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். நோட்டின் நகலையும் சேர்த்து அனுப்பப் போகிறேன் என்றேன். அவர் ஒரு மூட்டையில் விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்துவிட்டுத்தான் பேசினார்.

"எழுதுங்க. அந்த நாலு நாளு கெடையாதுன்னு மட்டும் எழுதுங்க. நீங்க பேட்டரின்னு சொன்னது, நான் வந்து வந்து நின்னது, அதெல்லாம் வேண்டாம்."

"ஏம்மா? நான் செஞ்சதுதான?"

"செஞ்சதுதான். இல்லங்கல." பேனாவை மூடினார். "இத்தன வருசமா அவளுக்கு எம்மேல கோவம். அது எனக்குத் தெரியும். அந்தக் கோவம் இருக்குறவரைக்கும் என்னைக்காச்சும் ஒரு நாளு வந்து, 'ஏம்மா வரல'ன்னு எங்கிட்ட சண்ட போடுவாள்ல. அத எடுத்து ஒங்க தலையில வச்சிட்டா, அவ எதுக்குண்ணே இங்க வரப் போறா? அவளுக்கு என்னத் தெரியவே தெரியாதே."

அதற்குள் ஒரு லாரி வந்துவிட்டது. எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னபடியே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கூடம், கூட நேரம், புள்ளிக் கடிகாரம், ஐந்து நாள், சான்றிதழ். எல்லாம் அதில் இருந்தது. கவரில் போட்டு ஒட்டி, உங்கள் கோயம்புத்தூர் விலாசத்தையும் எழுதிவிட்டேன். தபாலில் சேர்ப்பதற்கு முன் மனதுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். அதைப் படித்தால் உங்கள் அம்மாவைப் போல நானும் ஏமாற்றப்பட்ட ஒருவன் என்றுதான் தோன்றும். அணித்தலைவர் நல்ல மனிதர், பாவம், இத்தனை வருடம் கழித்தும் நினைவு வைத்து எழுதியிருக்கிறார் என்று நீங்கள் எனக்கு நன்றிகூடச் சொல்லலாம். கிழித்துவிட்டு இதை எழுதினேன்.

நோட்டின் நகல் இத்துடன் இருக்கிறது, முப்பத்தொரு பக்கம். உங்கள் அம்மாவின் விலாசமும் என் விலாசமும் கடைசித் தாளில் இருக்கின்றன. அவரைப் பார்க்கும்போது, என்னிடமிருந்து வந்தது ஒன்றரைப் பக்கக் கடிதம்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
சீ. குருநாதன்